காசிம் காக்காவின் குதிக்கால்

என் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஒரே இடத்தில் மூன்று முறை புண் வந்தது. மூன்று முறையும் ஆறியது. மூன்றாவது முறை வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: "சேவியர், நாலாம் தரம் இந்த இடம் திறந்தால் நான் முழங்காலுக்குக் கீழ வெட்டுவன். இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு வந்து அழக்கூடாது." அவர் பகிடிக்குச் சொல்லும் ஆள் இல்லை.

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்கள் சிலர் என்னைத் தேடி வந்து, என்ன மருந்து போட்டாய், எந்த எண்ணெய், எந்த நாட்டுவைத்தியப் பரியாரி என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. புண்ணை ஆற்றுகிற மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆறின புண் திரும்பி வராமல் இருக்கிறதுக்கு மருந்து ஒரு இடத்திலும் இல்லை. அது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய ஒரு வேலை, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்யாமல் விட்டவன் நான். என் காலில் மட்டும் செய்யாமல் விட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஓடும் லோஞ்சில், ஆட்களை ஏற்றுகிற மோட்டார் படகில், எஞ்சின்காரன். எஞ்சின் இருக்கிற கிடங்கில் இரும்புத் தகடு போட்டிருக்கும். அதன்மேல் வெறுங்காலோடுதான் நிற்பேன். சப்பாத்து வாங்க வழியில்லாமல் இல்லை. எஞ்சினை நான் உள்ளங்காலால்தான் கேட்பேன். கிடங்குக்குள் காது அடைத்துப்போகும், ஒரு சத்தமும் பிரிந்து கேட்காது. காலுக்கு எல்லாம் தெரியும். பெயாரிங் சூடேறினால் தகடு ஒரு பக்கம் சுடும். ஒரு சிலிண்டர் அடிக்காமல் விட்டால் விரல்களில் ஒரு நடுக்கம் வரும். எங்களுடைய துறையில் எல்லா எஞ்சின்காரரும் இப்படித்தான். சப்பாத்துப் போட்டு இறங்குகிறவனைக் குருடன் என்று சொல்லிச் சிரிப்போம்.

முதல் புண் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே எஞ்சின் நன்றாக ஓடுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. நடுக்கம் குறைந்தது. தகடு முன்போலச் சுடவில்லை. எஞ்சின் திருத்துகிற பிற்றரிடம் போய், "நீ செய்த வேலை நல்ல வேலையடா, குழந்தைப்பிள்ளை மாதிரி ஓடுது" என்று முதுகில் தட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கொட்டியாரக் குடாவின் நடுவில் ஒரு நாள் மேலே இருந்து தண்டையல் கத்தினார். தண்டையல் என்றால் லோஞ்சு ஓட்டுகிறவர். "டேய் சேவியர்! எஞ்சின் கிடந்து கதறுது, கீழ என்ன நித்திரையோ?" நான் நித்திரை இல்லை. இரண்டு காலையும் தகட்டில் ஊன்றித்தான் நின்றேன். கரிந்த மணம் மூக்கில் ஏறியபோதுதான் குனிந்து பார்த்தேன். பெயாரிங் உருகிவிட்டது. ஆட்களும் ஆடுகளும் வாழைக்குலைகளும் ஏற்றிய லோஞ்சு ஒன்றரை மணித்தியாலம் கடலில் மிதந்தது. நான் பிற்றரைத் தூஷணத்தால் ஏசினேன். எல்லாரையும் ஏசினேன்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து குசினிப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன். என் மனைவி றெஜினா சீமெந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன ஈரம்?"

நிலத்தில் என் காலடிகள். வலது காலடி வறண்ட தூசி. இடது காலடி ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு ஈரம்.

"எண்ணெயாக்கும்."

"எண்ணெய் சிவப்பாயிருக்குமோ? இருங்கோ பார்ப்பம்."

கதிரையில் இருத்தி என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.  பிறகு தலைமயிர்க் கிளிப்பால் எதையோ நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஆணிக்குப் போடுகிற வட்டத் தகடு, வாசர் ஒன்று. என் தசைக்குள் வட்டமாக இறங்கி இருந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"நோகேல்லையோ எண்டு கேக்கிறன்!"

எஞ்சின் திருந்தவில்லை. என் கால்தான் செத்திருந்தது. அதை நான் இரண்டு வருடம் நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் சலம் எடுத்தார்கள், சிறுநீர்தான். மிஸி, அதாவது தாதி, ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை விட்டு அதில் சில துளி சலத்தை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். சீனி இல்லாவிட்டால் நீலமாகவே இருக்குமாம். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூட இருந்தால் மஞ்சள். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போனது. "இதுக்கு மேல நிறமில்லை" என்றார் மிஸி.

பிறகு டொக்டர் வந்து, "கண்ணை மூடுங்கோ. ஊசியால காலில குத்துவன், குத்தேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போனது.

"எப்ப டொக்டர் குத்தப் போறீங்கள்?"

"ஆறு தரம் குத்திட்டன்."

அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்கிறேன். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நின்றால் காலுக்குப் போகிற நரம்பு செத்துப்போகும். நோவு என்பது காவல்காரன். அவன் போய்விட்டால் முள் ஏறினாலும் ஆணி ஏறினாலும் சுட்டாலும் தெரியாது. தெரியாததால் அந்த இடத்தையே மிதித்து மிதித்து நடப்போம். தோல் தடித்துக் காய்ப்பு விழும். காய்ப்பு ஒரு கல் மாதிரி உள்ளே அழுத்தும், அதற்குக் கீழே தசை நசிந்து அழுகும். வெளியே பார்த்தால் காய்ப்பு மட்டும்தான். அது திறக்கிற நாளில்தான் புண் வந்தது என்று நாம் சொல்வோம். அது வந்து எவ்வளவோ நாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு பழுதாகவில்லை. புண்ணைச் சுற்றி வெட்டி, ஒவ்வொரு நாளும் மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை அடைத்துக் கட்டினார்கள். காலையிலும் பின்னேரமும் இன்சுலின் ஊசி. நடக்கக் கூடாது. ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள், அந்தக் கட்டிலில் கிடந்தேன். ஆஸ்பத்திரி வாட்டின் மணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் அண்ணன். கிண்ணியாக்காரர். எருமை வாங்கி விற்கிறவர், கொஞ்சம் வயலும் உண்டு. வயது அறுபதுக்குக் கிட்ட. வயலில் ஏறின முள்ளால் இடது கால் அழுகி, நான் வந்து சேர்ந்த நாலாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒப்பரேசன் தியேட்டரில் இருந்து கொண்டுவந்து கிடத்தி மயக்கம் தெளிந்ததும் போர்வையைக் கையால் தடவினார். கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு நேரமும் கால் கழுவின மனுசன் நான் தம்பி. நாப்பது வருசம். கழுவின காலை ஒரு நாளாவது பார்த்தேனா? இல்ல."

 "நான் ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் காக்கா வடிவாக் கழுவுறனான்" என்றேன். அந்த நிலையிலும் அவர் சிரித்தார்.

ஒரு கால் போனவருக்கு மற்றக் காலும் போவது சுலபம். எல்லாப் பாரமும் அதில்தான் விழும். கட்டிலில் கிடக்கும்போது குதிக்கால் அழுந்தும். ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க ஏலாது, அதுவும் ஒற்றைக்கால்காரனுக்கு. மிஸிதான் வழி சொன்னார்: "உங்கட காலை அவர் பார்க்கட்டும், அவரின்ரை காலை நீங்கள் பாருங்கோ. ரெண்டு பேரும் சும்மாதானே கிடக்கிறியள்."

அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி முடிந்ததும் அது எங்களுடைய வேலை. காசிம் காக்கா மாட்டுக் குளம்பு பார்த்துப் பழகின ஆள். என் நல்ல காலைக் கையில் எடுத்தால் இலேசில் விடமாட்டார். விரல் விரலாக விரித்துப் பார்ப்பார். நகத்தின் ஓரம், குதிக்கால் வெடிப்பு, கணுவின் பக்கம். "இந்த மாட்டுக்கு நான் இருநூறுக்கு மேல குடுக்க மாட்டேன்" என்பார். "ஈரம் கிடக்கு தம்பி, விரலிடுக்கத் துடையுங்க. ஈரம் இரிந்தா தோல் ஊறும்." ஒரு தரம் சின்ன வெடிப்பு ஒன்றைக் கண்டு மிஸியைக் கூப்பிட்டு மருந்து போடும் வரைக்கும் விடவில்லை.

பிறகு என் முறை. அவர் வலது காலைத் தூக்கி என் கட்டில் விளிம்பில் வைப்பார். நான் பார்ப்பேன்.

"பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தன் காக்கா."

"என்ன இரிக்கி?"

"ஒண்டும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்."

ஒவ்வொரு நாளும் இதே கதைதான். பார்வை நேரத்தில் அவருடைய தம்பி லெத்தீப் தோணியேறி வருவார். ஆடை நீக்கின எருமைத் தயிர் கொண்டுவருவார். றெஜினா குரக்கன் பிட்டு அவித்து வருவாள். இரண்டையும் நாங்கள் இருவரும் பங்கு போட்டுத் தின்போம். லெத்தீப் பேச்சுக் குறைந்த ஆள். தமையனின் வெறும் போர்வையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

என்னை வீட்டுக்கு விடுகிற நாள் வந்தது. றெஜினா வெளுத்த சேட்டும் சாரமும் கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். டொக்டர் கையெழுத்துப் போட்ட துண்டு வரவேண்டும், அவ்வளவுதான். நான் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசிம் காக்கா வழக்கம்போலக் காலைத் தூக்கி வைத்தார். ஒரு கையால் அந்தக் காலைப் பிடித்தேன். துண்டு கொண்டு வருகிற ஆள் வாசலில் தெரிந்தான்.

"பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தன் காக்கா."

"என்ன இரிக்கி?"

"ஒண்டும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ். போயிட்டு வாங்க." பிறகு தன் பேச்சைத் தானே திருத்தினார். "இல்ல இல்ல, வராதீங்க!" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பார்க்கவில்லை.

இதைவிட வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வாசலைப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை.

வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டொக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லித்தான் விட்டார். அவர் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் றெஜினா எனக்காக ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். கால் தப்பினால் அந்தோனியார் திருநாளில் நான் வெறுங்காலோடு அவர் சிலை வைத்த சுரூபக் கூட்டைச் சுமப்பேன் என்று. காலுக்குச் சுகம் கொடுத்ததுக்கு நன்றி சொல்ல அந்தக் காலையே வெயில் றோட்டில் கொண்டுபோய்ச் சுட்டோம். பத்து மணி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மற்ற ஆட்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன். "சேவியருக்கு அந்தோனியார் துணை நிக்கிறார் பார்" என்று ஒரு மனிசி சொன்னது காதில் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று பின்னேரம் காய்ப்பு இருந்த இடத்தில் தோல் பை மாதிரித் தொங்கியது. இரண்டாவது புண்.

அதே வாட்டு. பக்கத்துக் கட்டிலில் வேறொரு ஆள். காசிம் காக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மிஸி மருந்து கட்டும்போது கேட்டேன்.

"கிண்ணியாக் காக்கா எப்பிடி?"

மிஸி தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "நீங்கள் போன அண்டைக்குப் பின்னேரம் நான் படுக்கை விரிக்கேக்க கண்டனான். குதிக்காலில கொப்புளம். கட்டில் இரும்பில உரஞ்சியிருக்கு. அடியில கறுத்துப்போச்சு. ரெண்டு நாளாவது இருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"பிறகு?"

"பிறகென்ன. அந்தக் காலும் எடுத்தது. வீட்டுக்குப் போய் ஒரு மாசமும் இருக்கேல்லை, பாவம்." துணியை முடிந்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் காலையில பார்க்கிறனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

அது இரண்டாவது பொய்.

இரண்டு நாள் என்றால் முந்தின நாளும் அது இருந்திருக்க வேண்டும். முந்தின நாள் நான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தேனா? வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் கண் எங்கே இருந்தது? ஏழு கிழமையில் எத்தனை நாள் நான் உண்மையாகப் பார்த்தேன்? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு நாளாகக் கையிலிருந்து போனது. பக்கத்துக் கட்டில் ஆள் ஒவ்வொரு நாள் காலையிலும் தேத்தண்ணி குடித்து முடித்துக் கோப்பையை வைக்கிற சத்தம் கேட்கும். அடுத்தது கட்டில் விளிம்பு இலேசாக அழுந்தும் என்று என் உடம்பு காத்திருக்கும். ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். ஆனால் அழுந்தும். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அழுந்தும். பார்த்தீங்களா தம்பி என்று கேட்கும். போர்வையால் காதை மூடினாலும் கேட்கும்.

இரண்டாவது புண் ஆறி வீட்டுக்கு வந்தபிறகு என் காலைப் பார்க்க ஒருவரையும் விடவில்லை. றெஜினா பார்க்க வந்தால் காலை இழுத்துக்கொள்வேன். சவரம் செய்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து அதன்மேல் காலைப் பிடித்து நானே பார்த்தேன். அடுத்தவர் பார்த்துவிட்டு ஒண்டும் இல்லை என்று சொன்னால் அதை நான் எப்படி நம்புவேன்? அந்தச் சொல்லை எவ்வளவு இலேசாகச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சீனி என் கண்ணையும் தின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது ஒரு கால். அதில் சிவப்பு எது, நிழல் எது என்று தெரியாது. நல்லாயிருக்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் மாதம் சப்பாத்துக்குள் இருந்து மணம் வந்தது. மூன்றாவது புண். இந்த முறை காய்ச்சலும் வந்தது, இரண்டாம் விரலையும் எடுத்தார்கள்.

பார்வை நேரத்தில் றெஜினா வந்து கட்டிலடியில் நின்று கத்தினாள். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நான் பார்க்கிறன் எண்டு எத்தனை தரம் கேட்டனான்? கண் தெரியாத மனுசன் கண்ணாடி பிடிச்சுக்கொண்டு! நான் பொய் சொல்லுவன் எண்டு பயமோ உங்களுக்கு?"

"ஓம்" என்றேன்.

 அடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேட்டுப் பொத்தானை, வாசலை, ஒண்டும் இல்லை என்று சொன்னதை. அன்றைக்கு அவளும் பக்கத்தில்தான் நின்றாள், அவளுக்கு ஞாபகம் இருந்தது. கதிரையை இழுத்து இருந்தாள். "நேர்த்தி வைச்சு உங்களை நடக்க விட்டது நான், அதுக்கு நான் ஆரிட்டப் போய்ச் சொல்ல?" என்று கேட்டாள். பிறகு எழும்பிப் போகும்போது சொன்னாள்: "செத்த ஆளிட்டச் சொல்ல ஏலாது. அவரின்ரை வீட்டில ஆக்கள் இருக்கினம்."

அந்த முறைதான் டொக்டர் நாலாவது தரத்தைப் பற்றிச் சொன்னார். அதோடு ஒரு காரியமும் காட்டித் தந்தார், அதை எல்லாரும் அறிய வேண்டும். புண் திறப்பதற்கு முன் அந்த இடம் சூடேறும். சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், எங்கள் கறுத்தத் தோலில் தெரியவே தெரியாது. சூட்டை மறைக்க ஏலாது. புறங்கையை வைத்து ஒரு காலின் இடத்தையும் மற்றக் காலின் அதே இடத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் சூடு என்றால் அன்றைக்கே நடையை நிறுத்திக் காலைத் தூக்கிப் போட்டுப் படுக்க வேண்டும். சூடு ஆறும் வரைக்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

"எஞ்சின்காரனுக்கு நான் இதைச் சொல்ல வேணுமே?" என்றார் டொக்டர். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

நல்ல சப்பாத்து அந்த நாளில் கடையில் இல்லை. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். சந்தைப் பக்கம் இருந்த சப்பாத்துத் தைப்பவரிடம் போய், பழைய பஸ் சீற்றின் தடித்த ஸ்பொஞ்சை உள்ளே வைத்து, கார் ரயரில் அடி வைத்து, முன்பக்கம் அகலமாக ஒரு சோடி செய்வித்தோம். ஆணி அடிக்கக் கூடாது, நூலால் தைக்க வேண்டும் என்று றெஜினா முன்னால் நின்றாள். "அக்கா, இது மனுசன்ரை சப்பாத்தோ வள்ளமோ?" என்று அவர் கேட்டார். பார்வைக்கு வள்ளம் மாதிரித்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எஞ்சின் கிடங்குக்குள் இறங்கினேன். தண்டையல் சிரித்தார். சிரிக்கட்டும். இப்போது நீளமான ஸ்குறூட்றைவர் ஒன்றை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிறேன். உள்ளங்காலை விட நன்றாகவே கேட்கிறது.

காலையில் றெஜினா வெளிச்சத்தில் கதிரை போட்டுப் பார்க்கிறாள். ஒண்டும் இல்லை என்று சொல்லக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். கண்டதைச் சொல்ல வேண்டும். பெருவிரல் வறண்டிருக்கு, மேட்டில் காய்ப்பு நேற்றைய அளவு, குதிக்காலில் வெடிப்பில்லை, இரண்டு காலும் ஒரே குளிர். இப்படி. சப்பாத்தைப் போட முன் உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். கழுவுகிற தண்ணீரின் சூட்டை அவள் முழங்கையால் பார்க்க வேண்டும், நான் பார்க்கக் கூடாது. காய்ப்பை மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரியில் சீவி எடுக்க வேண்டும், வீட்டில் சவர பிளேட்டைத் தொடக் கூடாது.

கிண்ணியாவுக்குப் போக எனக்குப் பத்து மாதம் எடுத்தது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

தோணி கரைக்குக் கிட்ட வந்ததும் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்துதான் ஏறவேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்வித்த சப்பாத்தை உப்புத் தண்ணீரில் பழுதாக்க மனம் வரவில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கரையில் ஏறிக் காலைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். மனதில் சொல்ல வேண்டியதையே அடுக்கிக்கொண்டு வீடு விசாரித்து ஒரு மைல் நடந்தேன்.

லெத்தீப் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரை தந்தார். சுவரோடு, பாவிக்காத இரண்டு ஊன்றுகோல்கள் சாத்தியிருந்தன. அவற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல். "எனக்கும் இப்ப சீனிதான்" என்றார். "காக்கா உங்களைப் பத்திக் கதைப்பார். லோஞ்சுத் தம்பி ஒவ்வொரு நாளும் என்ட காலைப் பார்த்தவர் எண்டு."

இனித் தாங்க ஏலாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. மிஸியிடம் "ஓம்" என்று சொன்ன பொய்யையும் சொன்னேன்.

லெத்தீப் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு எருமை தொட்டியில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க பார்த்திரிந்தா காக்கா இரிந்திரிப்பாரா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது." எழும்பி வந்து என் முன்னால் பாயில் இருந்தார். "எப்படிப் பார்க்கிற எண்டு எனக்குக் காட்டித் தாங்க."

அவர் காலை என் மடியில் வைத்துக் காட்டினேன். விரலிடுக்கு, நகம், காய்ப்பு, குதிக்கால். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அவர் காலில் ஒரு வெடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை, அதையும் சொன்னேன். "இனி உங்கட காலைத் தாங்க. பழகிப் பார்க்கிறேன்" என்றார்.

சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"இந்தப் பக்கம் சூடு இரிக்கி."

பழைய இடம். பெருவிரல் மேடு. அதில் நகமளவு ஒரு பள்ளம் பதிந்திருந்தது. லெத்தீப் என் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினார். உடைந்த சிப்பித் துண்டு ஒன்று பாயில் விழுந்தது. ஒரு மைல் அதை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். தோல் இன்னும் திறக்கவில்லை.

"பின்னேரத் தோணிக்கு நான் போக வேணும். மனிசி பார்த்துக்கொண்டிருக்கும்" என்றேன்.

"நடக்கக் கூடாது."

"மெல்ல நடப்பன்."

"நடக்கக் கூடாது எண்டு நீங்கதானே இப்ப சொல்லித் தந்தீங்க?" அதட்டலாகவே சொன்னார். தோணிக்காரனிடம் றெஜினாவுக்குச் செய்தி அனுப்பினார். அடுத்த தோணியில் றெஜினா இன்சுலினும் ஊசியும் கொடுத்தனுப்பினாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக் கிடந்தேன். காசிம் காக்காவின் கட்டிலில். அதன் இரும்பு விளிம்பில் பழைய துணி சுற்றித் தைத்திருந்தது. யார் எப்போது சுற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. காலையிலும் பின்னேரமும் லெத்தீப் வந்து கையை வைப்பார். சூடு, குறைஞ்ச சூடு, இன்னும் கொஞ்சம் என்று மட்டும் சொல்வார். வேறு கதை இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு காலையும் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுதான். திறக்கல்ல."

 கால் தப்பிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை என் காலிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"அண்டைக்குக் காக்காட காலை நீங்க பார்க்கல்ல. சரி. கையில பிடிச்சீங்கதானே?"

"ஓம்."

"சூடா இரிந்துதா?"

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. இத்தனை மாதமும் கண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சேட்டுப் பொத்தான், வாசல், துண்டு கொண்டு வருகிற ஆள். இடது கையில் அந்தக் குதிக்காலின் பாரம். இருபத்தைந்து வருடம் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்த கை.

"ஓம்" என்றேன். "சூடாத்தான் இருந்தது."

லெத்தீப் கையை எடுத்தார். எழும்பி வெளியே போய் மாட்டு வண்டி பூட்டச் சொன்னார். தோணித்துறை வரைக்கும் கூட வந்தார். இரண்டு பேர் என்னைத் தூக்கித் தோணியில் இருத்தினார்கள். லெத்தீப் கரையில் நின்று என் சப்பாத்தை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கையை விட்டு, முன்பக்கம் வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.